ரப்பர் போட்டவனுக்கு டீ கிடையாது

ஃபெர்கலின் இரண்டு கைகளும் முழங்கையோடு இறுகிக் கிடந்தன. கழுத்தை ஏதோ நெரித்தது. கூச்சல் போட்டால் ஆள் வரும்தான்; ஆனால் ஆள் வந்துவிடக் கூடாதே என்பதுதான் அவர் கவலை.

எழுபது வயது மனிதர், லாஹிஞ்ச் கடற்கரைக் கடையொன்றின் உடை மாற்றும் அறையில், குளிர் தாங்க உடம்போடு ஒட்டிப் போடும் ரப்பர் உடையான வெட்சூட்டுக்குள் மாட்டிக்கொண்டு நின்றார். ஜிப் என்றால் முன்பக்கம்தானே என்று நினைத்து முன்பக்கமாகவே போட்டுவிட்டார். அது முதுகுப் பக்கம் வர வேண்டியது. இப்போது சூட் ஏறவும் மறுத்தது, இறங்கவும் மறுத்தது.

"விலை அதிகம் வேண்டாம்மா. நீந்தவும் ஆகணும், பேரப் பிள்ளைங்களோட படகு தள்ளவும் ஆகணும்" என்று கேட்டபோது, கடைப்பெண் ஓர்லா இதைத்தான் எடுத்துக் கொடுத்தாள்.

"போன வருசத்துச் சரக்கு சார், பாதி விலை. எல்லாத்துக்கும் தாங்கும். முதல் ரூமுக்குப் போங்க, அடுத்ததுல ஆள் இருக்கு."

கடை ரேடியோவில் ஹர்லிங் ஆட்டத்தின் வர்ணனை காதைப் பிளந்துகொண்டிருந்தது. ஜிப்பைப் பற்றி அவள் சொன்னது அதில் அமுங்கிப் போயிற்று. இனி அவளைக் கூப்பிடலாம் என்றால், பேத்தி வயதுப் பெண், இவர் நிற்கும் கோலமோ பார்க்கச் சகிக்காது.

அவருடைய ஊரான கில்கீயிலும் கடை உண்டு. ஆனால் அங்கே வாங்கினால் மறுநாளே அசும்ப்டாவின் காதுக்குப் போய்விடும்.

அசும்ப்டா, பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் விடிந்ததும் கில்கீ கடலில் இறங்கும் கூட்டத்துக்கு அந்த அம்மாள் வைத்ததுதான் சட்டம். மழையோ பனியோ, வெறும் நீச்சலுடைதான். கரையேறியதும் எல்லோருக்கும் டீ ஊற்றிக் கொடுப்பதும் அவர்தான்.

"தண்ணியில இறங்கியும் குளிரக் கூடாதுன்னா வீட்லயே கிடக்க வேண்டியதுதானே? ரப்பர் போட்டவனுக்கு டீ கிடையாது" என்பார். சொன்னதோடு நிற்கவும் மாட்டார். போன வருடம் ஒருவர் ரப்பரோடு வந்து, அந்த அம்மாளின் வாயில் அகப்பட்டுக்கொண்டார். அதன் பிறகு அவர் அந்தத் திசையில் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை.

மனைவி போன பிறகு ஃபெர்கல் மனம்விட்டுப் பேசுவதே அந்த டீ நேரத்தில்தான். டாக்டரோ, "உங்க இருதயத்துக்கு இந்தக் குளிர் ஆகாது. ரப்பர் இல்லாம கடல்ல கால் வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். போட்டால் கூட்டம் போகும், போடாவிட்டால் உயிர் போகும். மனிதர் என்னதான் செய்வார்?

முக்காலியில் கிடந்த கைபேசி அதிர்ந்தது. அசும்ப்டா. எடுக்கும்வரை விடமாட்டார். ஃபெர்கல் குனிந்து மூக்கால் தட்டினார், மண்டியிட்டுக் காதை அதன்மேல் சாய்த்தார்.

"எங்க இருக்க?" என்று கிசுகிசுத்தார் அசும்ப்டா.

"லைப்ரரியில" என்று இவரும் கிசுகிசுத்தார். "நீ ஏன் குசுகுசுன்னு பேசற?"

"சர்ச்சுல பாட்டுப் பயிற்சி நடக்குது."

அந்த அம்மாளுக்கு மூச்சு வாங்கியது. பின்னால் ஹர்லிங் வர்ணனை மெல்லக் கேட்டது. ஆட்ட நாளில் எங்கள் பாதிரியாரிடமிருந்து ரேடியோவைப் பிடுங்க யாரால் முடியும் என்று ஃபெர்கல் நினைத்துக்கொண்டார்.

"நாளைக்கு நான் வரல. ஜலதோஷம்னு எல்லார்கிட்டயும் சொல்லிடு. நீதான் துருவித் துருவிக் கேக்காத ஆளு."

அசும்ப்டா வராத நாளை யாரும் பார்த்ததில்லை. இன்னொரு சமயமாக இருந்தால் ஃபெர்கல் யோசித்திருப்பார். இப்போது கழுத்து இறுக, கை மரத்துப்போக, கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. இனி மறைத்து என்ன ஆகப் போகிறது என்று தோன்றிவிட்டது.

"அசும்ப்டா, நானும் இனிமே தண்ணியில இறங்கப் போறதில்ல. கரைச் சுவத்துல உக்காந்து உங்க துணிமணிக்குக் காவல் இருக்கேன். டீ மட்டும் குடு, போதும்."

"ஏன், உனக்கு என்ன ஆச்சு?"

பதில் சொல்வதற்குள் திரைக்கு வெளியே ஓர்லா குரல் கொடுத்தாள்.

"ரெண்டு ரூம்லயும் ரொம்ப நேரமா ஆள் அரவமே காணோமே. ஜிப் மாட்டிக்கிச்சா?"

அதே கேள்வி கைபேசிக்குள்ளிருந்தும் கேட்டது.

ஃபெர்கல் கைபேசியிலிருந்து காதை எடுத்தார். இம்முறை கைபேசியிலிருந்து அல்ல, பக்கத்து அறையின் பலகைத் தடுப்புக்கு மேலாக அந்தத் தலைமையாசிரியைக் குரல் தழுதழுத்துக்கொண்டு வந்தது.

"உனக்கும் டாக்டர் சொல்லிட்டாரா, ஃபெர்கல்?"