எந்தக் கட்டம்?

நைட் ஷிப்ட் முடிந்து கும்மிடிப்பூண்டி லைன் வீட்டுக்குத் திரும்பிய சாராள், கம்பெனி யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் சிறுமிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். கணக்கெடுக்க வந்த நர்மதா வாசலிலேயே உட்கார்ந்து படிவத்தைப் பிரித்தாள்.

“இந்தியாவுலயும் நேபாளத்துலயும் எத்தனை பெண் குழந்தைங்க அங்கன்வாடி மாதிரி சின்னப் பிள்ளைங்க பள்ளிக்குப் போறாங்கன்னு வருஷா வருஷம் ஒப்பிட்டுப் பாக்குறோம்க்கா. பாப்பா போறாளா?”

“டெய்லி போறா. நான்தான் இட்டுக்கினு போறேன்.”

“அப்போ எப்பதான் தூங்குவீங்க?”

“இவள உட்டுட்டு வந்துதான்.”

நர்மதா ‘இந்தியா’ கட்டத்தில் டிக் போட்டாள். “பாப்பா எங்க பொறந்தா?”

“நேபாளத்துல.”

நர்மதா நிமிர்ந்தாள். “நீங்க அங்க இருந்தீங்களா?”

“நான் திருவள்ளூரையே தாண்டுனதில்ல. இவ பக்கத்து ஊட்டு செக்யூரிட்டியோட பொண்ணு. அம்மா போன வருஷம் செத்துப்போச்சு. அப்பனுக்குக் காலையில ஆறு மணிக்கே டூட்டி.”

நர்மதா போட்ட டிக்கைக் கோடு போட்டு அடித்தாள். ‘நேபாளம்’ கட்டத்துக்குப் போன பேனா எழுதாமல் நின்றது. “இங்க பொறக்கல, அங்க படிக்கல. எதுல எழுதுறதுன்னே தெரியலக்கா.”

சாராள் கொட்டாவியை அடக்கிக்கொண்டு சிறுமியைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

“எதுலன்னா எழுதிக்கோம்மா. எழுதாம மட்டும் உட்றாத.”