தாசில்தார் வாசலில் நிற்கிறது

நாய் வழிவிடவில்லை.

பாடை வாசற்படி இறங்கி முற்றத்துக்கு வந்துவிட்டது. தெருக்கதவுக்கு இன்னும் பத்தடி. கதவுக்கு நடுவில் அது நின்றது, காலை அகட்டி, தலையைத் தாழ்த்தி.

தூக்கியவர்கள் நால்வர். முன்னால் நின்றவருடைய வேட்டியில் ஏற்கெனவே ஒரு முழம் குறைந்திருந்தது.

பாடையை இறக்கி வைத்தார்கள்.

வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அப்படித்தான். பாடையில் இருந்தவள் அவருடைய மனைவி. மயானத்துக்கு நான் வரவில்லை என்று அவளுடைய தம்பி சென்னியப்பனிடம் ஒரு தடவை சொன்னார். பிறகு வாயைத் திறக்கவில்லை.

நாயின் பெயர் தாசில்தார். எதையும் லேசில் நகர விடாது என்பதால் அவள் வைத்த பெயர்.

இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னால் நான்கு வருடம் நாச்சிமுத்துவின் செம்மறிப் பட்டியைக் காத்துக்கொண்டிருந்தது. ஆடுகளை விற்றுவிட்டு, நாச்சிமுத்து திருப்பூரில் மகள் வீட்டு மூன்றாவது மாடிக்குப் போனார். மாடியில் நாய்க்கு என்ன வேலை? இங்கே கொண்டுவந்து விட்டார்.

பட்டி போயிற்று. காவல் போகவில்லை.

உள்ளே வருவதை முகர்ந்து பார்த்து விட்டுவிடும். வெளியே போவதுதான் சிரமம். வீட்டுக்காரர்கள் இருவரும் தாராளமாகப் போகலாம். மற்றதெல்லாம் அதன் கண்ணுக்கு ஆடு.

இஸ்திரிக்காரர் துணிமூட்டையை எடுத்துப் போக முடியாமல், தள்ளுவண்டியையே முற்றத்துக்குக் கொண்டுவந்தார். வண்டி இன்னும் இங்கேதான் இருக்கிறது. காகம் ஒன்று வடகத்தைத் தூக்கிக்கொண்டு பறந்தது. தாசில்தார் எகிறியதில் காகத்தின் வாலில் பாதி கீழே கிடந்தது. அதற்குப் பிறகு அமாவாசைச் சோற்றுக்குக்கூட இந்தக் கூரைக்குக் காகம் வருவதில்லை. அடுத்த தெருவில் போய் வைக்க வேண்டும். அரைமணி நேரம் சீட்டாடிவிட்டுப் போகலாம் என்று ஒரு நண்பர் புரட்டாசியில் வந்தார். தீபாவளியன்று முதல் வெடிச் சத்தத்தில் நாய் கட்டிலுக்கடியில் புகுந்தது. அப்போதுதான் அவர் வீடு போய்ச் சேர்ந்தார்.

இது சென்னியப்பனுக்கு நினைவு வந்தது. சரவெடியை நாய்க்குப் பக்கத்தில் கொளுத்தச் சொன்னார்.

ஆயிரம் வெடி.

நாய் நடுங்கியது. நின்றபடியே மூத்திரம் போயிற்று. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது.

புகை கலைந்தபோது நின்ற இடத்திலேயே நின்றது.

பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தார்கள்.

கால்நடை மருத்துவர் மயக்க ஊசியோடு வருவதாகச் சொன்னார். எந்த வீடு என்று கேட்டார். அதன்பிறகு போனை எடுக்கவில்லை.

மின்மயானத்தில் நான்கு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மணி மூன்றரை.

சென்னியப்பன் நாச்சிமுத்துவைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏனுங்க, உங்க நாயி எங்கக்காவத் தூக்கிட்டுப் போக உட மாட்டீங்குதுங்க."

"அம்மா போயிட்டாங்களா..." என்றது குரல். பிறகு, "அத அடிச்சுப்போடாதீங்க சாமி. பட்டியில குட்டி விக்கறப்ப, நாந்தான் என் கையால படலுக்கு வெளிய தூக்கிட்டுப் போய்க் குடுப்பனுங்க. வேற ஆளு தூக்குனாக் கொரவளையப் புடிச்சுரும். பட்டிக்காரன் தூக்குனா ஒண்ணுஞ் செய்யாதுங்க. மொத நாளே உங்க மாமாகிட்டச் சொன்னனுங்களே?"

முற்றமே திரும்பி நாற்காலியைப் பார்த்தது.

அவர் எலுமிச்சை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

"மாமா," என்றார் சென்னியப்பன். "வாயில்லாச் சீவனப் போட்டு அந்தப் பாடு படுத்துனம். நீங்க தெரிஞ்சுக்கிட்டே உக்காந்திருக்கீங்க."

அவர் எழுந்தார். நாற்காலியிலிருந்து பாடைக்கு ஆறடி. தாராபுரம் போய்த் திரும்புகிற நேரம் ஆயிற்று.

அன்று முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். யாரோ பொட்டைக் கோணலாக வைத்திருந்தார்கள். சரிசெய்யக் கையை நீட்டினார். அவள் வைத்தாலும் அப்படித்தான் இருக்கும். கையை எடுத்துக்கொண்டார்.

முன்பக்க மூங்கிலைத் தோளில் ஏற்றினார்கள். எழுபத்திரண்டு வயதுத் தோள். அதற்கே கனக்கவில்லை. ஆறு மாதப் படுக்கையில் அவள் அவ்வளவுதான் மிஞ்சியிருந்தாள்.

கதவருகில் வந்ததும் நாய் அவர் கையை முகர்ந்தது. மூங்கிலை முகர்ந்தது. கீழே தொங்கிய சேலைத் தலைப்பை நெடுநேரம் முகர்ந்தது.

அவர் சற்றே குனிந்தார். மற்றவர்களுக்குக் கேட்காது என்று நினைத்துத்தான் சொன்னார். பின்னால் இருந்த சென்னியப்பனுக்குக் கேட்டுவிட்டது.

"உட்டுறாத சாமி."

அந்த நாய் என்றைக்கு அவர் பேச்சைக் கேட்டது?

ஓரமாகப் போய்ப் படுத்துக்கொண்டது. முன்னங்கால்மேல் முகத்தை வைத்துக்கொண்டது.

வழி திறந்து கிடந்தது. தெருவில் வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்தார்கள்.

"நடங்க மாமா."

பின்னால் இருந்தவர்கள் ஓரடி எடுத்து வைத்தார்கள். மூங்கில் அவர் தோளில் இடித்தது.

மறுபடியும் இடித்தது.