கைபட்ட புத்தகம்

"இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்று தமிழ்மாறன் அந்தப் புத்தகத்தைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். அட்டையில் பாதியைக் காணோம். முதுகு கழன்று, மூலைகளெல்லாம் மடங்கி, நடுப்பக்கத்தில் சாம்பார்க் கறை வேறு.

'நல்ல பிள்ளைக்கு நாற்பது கட்டளைகள்' என்று மிச்சமிருந்த அட்டை சொன்னது. எழுதியவர் தமிழ்மாறனேதான். தன் புத்தகம் கந்தலாகிக் கிடப்பதைப் பார்த்து இந்த அளவுக்குப் பூரித்த மனிதர் வேறு யாரும் இருக்க முடியாது.

கம்பத்து ஏலக்காய் வியாபாரி முகைதீன், சுற்றுவட்டாரப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கித் தரப் போவதாகச் சொல்லியிருந்தார். எதை வாங்கலாம் என்று சிபாரிசு செய்ய இரண்டு பேரைக் கூப்பிட்டார். தமிழ்மாறன் கூச்சமே படாமல் தன் புத்தகத்தையே சிபாரிசு செய்தார்.

இன்னொருவர் உத்தமபாளையத்து ஆசிரியை ஞானசெல்வி. சின்னப் பிள்ளைகளுக்குத் தவளையைப் பற்றியும் நிலாவைப் பற்றியும் படப் புத்தகங்கள், வளர்ந்த பிள்ளைகளுக்கு வீட்டை விட்டு ஓடிப்போன ஒரு பெண்ணின் கதை என்று அவர் தேர்ந்து வைத்திருந்தார். அட்டையைப் பார்த்ததுமே தமிழ்மாறனுக்கு உதடு கோணிக்கொண்டது.

"தவளைக்கு ஒரு புஸ்தகமா? வாய்க்காங்கரையில போய் நின்னா சும்மாவே கத்துது. நிலாவுக்கு வேற போறாகளாம்! போடிக்குப் போக ஒழுங்கா பஸ்ஸக் காணோம்."

"பிள்ளைகளுக்குக் கட்டளை போட வீட்டுலயே ஆளு இருக்காக சார். புஸ்தகம் வேற எதுக்கு?" என்றார் ஞானசெல்வி.

இருவரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. முகைதீன் யோசித்துவிட்டுத் தன் தொழில் வழக்கத்தைச் சொன்னார். "எங்க மண்டியில வந்தவுக எல்லாம் எந்தச் சாக்குல கைய விட்டு அளையிறாகளோ, அதுதேன் நல்ல சரக்கு. பிள்ளைக கை எதுல பட்டிருக்குன்னு நேர்ல போய்ப் பாத்துருவமே."

அப்படித்தான் மூவரும் அனுமந்தன்பட்டி தாண்டி இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தார்கள். ஞானசெல்வி சொன்ன புத்தகங்கள் போன வருடமே அரசுக் கணக்கில் இங்கே வந்துவிட்டன. தமிழ்மாறனுடையது, ஆண்டு விழாவுக்கு வந்தபோது அவரே கையெழுத்துப் போட்டு அன்பளிப்பாகக் கொடுத்தது.

அவருடைய புத்தகம் வகுப்பு ஜன்னலிலேயே கிடந்தது. மற்றவற்றுக்காகத் தலைமை ஆசிரியை சோணையம்மாள் கண்ணாடி பீரோவைத் திறந்தார். "எல்லாம் பத்திரமா இருக்குங்கய்யா. ஒன்னுகூடக் கொறையல."

தவளைப் புத்தகம் அச்சகத்திலிருந்து நேரே வந்தது போலப் பளபளத்தது. பிரித்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சடசடத்தன. நிலாவும் அப்படித்தான், ஓடிப்போன பெண்ணும் அப்படித்தான்.

"பாத்தீகளா பாய்? ஒரு பய தொடல." தமிழ்மாறன் தவளையை இரண்டு விரலால் தூக்கி மேசையில் போட்டார். அப்புறம் பீரோவை மேலும் கீழும் பார்த்தார். கண்ணாடியின் கீழ்ப்பாதி முழுக்க விரல் தடமும் மூக்குத் தடமுமாக அப்பிக் கிடந்தது.

"இதக்கூடத் தொடைக்க மாட்டீகளா டீச்சர்? சுத்தம்தேன் என்னோட மூணாவது கட்டளை. நீங்களும் ஒருக்கா படிங்க."

சோணையம்மாள் முந்தானையால் கண்ணாடியைத் துடைக்கப் போனார். தலைமை ஆசிரியைக்கே பாடம் சொல்லிக் கொடுத்ததில் தமிழ்மாறனுக்கு ஏகத் திருப்தி. ஞானசெல்வி அந்தக் கந்தலை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். அவருக்கு முகம் தொங்கிப்போயிற்று.

முகைதீன் தாடியைத் தடவினார். "எனக்கென்னமோ அந்தத் தவளைதேன் பிடிச்சிருந்துச்சு. ஆனா சொன்ன சொல்லு சொன்னதுதேன். கைபட்ட சரக்கு அய்யாவோடது. அதையே எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் எடுத்துக்கிருவோம்."

தமிழ்மாறனுக்கு வடுகபட்டி வீடு கண்ணில் வந்து நின்றது. அங்கே பூண்டு மூட்டைகளுக்கு நடுவே விற்காத பிரதிகள் கட்டுக்கட்டாகக் கிடந்து, பூண்டு நாற்றம் ஏறிப்போயிருந்தன. எடைக்குப் போடட்டுமா என்று மனைவி தினமும் கேட்கிறாள். இனி கேட்கட்டும் பார்க்கலாம்!

வெற்றி பெற்ற பிறகும் சும்மா போக அவருக்கு மனசு வரவில்லை. ஞானசெல்வியின் காதிலும் நன்றாக விழட்டும் என்று, வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுமியை உள்ளே கூப்பிட்டார்.

"பேரென்ன?"

"சிம்ரன்."

"சினிமாப் பேரு! வெளங்கிரும்." மூக்கைச் சுளித்துக்கொண்டே, ஞானசெல்வியிடமிருந்து தன் புத்தகத்தைப் பிடுங்கிச் சிறுமியின் முகத்துக்கு நேரே நீட்டினார். "இத நீயும் படிச்சிருக்கேல்ல?"

"நாலு தடவ படிச்சேன் சார்."

"நாலு தடவ! கேட்டுக்கோங்க டீச்சர்." ஞானசெல்வி பக்கம் ஒரு பார்வை வீசிவிட்டு, அவர் சிறுமியிடம் குனிந்தார். "இம்புட்டுப் புஸ்தகம் இருக்கப்ப, இத மட்டும் ஏன் ஆத்தா எல்லாரும் போட்டி போட்டுப் படிச்சீக? பயப்படாம பாய்கிட்டச் சொல்லு."

சிம்ரன் அவர் நீட்டிய புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. மேசைமேல் கிடந்த தவளையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"அது இனாமா வந்ததுதான சார், கிழிஞ்சாலும் யாரும் கேக்க மாட்டாகன்னு எங்க டீச்சர் அது ஒன்னத்தேன் பூட்டி வைக்கல."