ஒரு டிகிரி

இயக்குநர் உறையைக் கிழித்தார்.

அவள் அவர் கையைப் பார்க்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த தேவசகாயத்தின் முகத்தைப் பார்த்தாள். அதில் எதுவும் இல்லை. ஆறு வருடமாக அவளுக்கென்றே அவன் வைத்திருக்கும் முகம் அது.

உறைக்குள் ஒரே ஒரு தாள். அதில் ஒரு நட்சத்திரத்தின் பெயரும் ஒரு தேதியும் எழுதியிருக்கும்.

அந்த வானொலித் தொலைநோக்கி நிலையத்தின் வழக்கம் அப்படி. வேறு உலகங்களில் உயிர் இருந்து, அது ஏதாவது சமிக்ஞை அனுப்புகிறதா என்று தேடுவதுதான் அங்கே வேலை. தேடுகிறவருக்கு வருடம் ஒரு சோதனை உண்டு. குழுவில் ஒருவர், யாருக்கும் தெரியாமல், பதிவுகளுக்குள் ஒரு பொய்ச் சமிக்ஞையைச் செருகிவிடுவார். எந்த நட்சத்திரம், எந்த நாள் என்று எழுதி உறையில் போட்டு ஒட்டி இயக்குநரிடம் கொடுத்துவிடுவார். தேடுகிறவர் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். நாமே வைத்த பொய்யைத் தவறவிடுகிறவர், உண்மையானது வரும்போது மட்டும் பிடித்துவிடுவார் என்று எப்படி நம்புவது?

இந்த வருடம் செருகும் வேலை தேவசகாயத்துக்கு.

தேடும் வேலை அவளுக்கு.

நாலு நாளாக அவள் கையில் ஒரு சமிக்ஞை இருந்தது.

தொலைநோக்கியின் தட்டை அந்த நட்சத்திரத்தின் மேல் ஐந்து நிமிடம் நிறுத்தினாள். கேட்டது. பக்கத்து வெற்று வானத்துக்குத் திருப்பினாள். நின்றது. மறுபடி நட்சத்திரம். மறுபடி கேட்டது. கீழே யாருடைய கைப்பேசியாகவாவது இருந்தால் தட்டு எங்கே பார்த்தாலும் கேட்டிருக்கும். இன்னொன்றும் உண்டு. அதன் சுருதி மெல்ல மெல்ல இறங்கியது. நம்மைக் கடந்து போகும் பஸ்ஸின் ஹாரன் தணிகிறதே, அதுபோல. பூமி சுழல்கிறது, தட்டும் அதோடு நகர்கிறது. வானத்திலிருந்து வரும் சத்தம் ஒரே சுருதியில் நிற்காது.

எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும் பாதியாக மங்கிக்கொண்டே வந்தது.

நாளைக்கு இருக்காது.

ஆப்பிரிக்காவில் ஒரு பெரிய தொலைநோக்கி ஒரு மணி நேரம் ஒதுக்கச் சம்மதித்திருந்தது. இன்னொருவரும் கேட்டால்தான் கேட்டது கணக்கில் சேரும். கையெழுத்திட்ட கோரிக்கை நாலு மணிக்குள் போக வேண்டும்.

மணி மூன்று நாற்பது.

இது தேவசகாயம் செருகியதாக மட்டும் இருந்துவிடக் கூடாது.

அவளை முட்டாளாக்க அவனுக்குக் காரணம் இருந்தது. ஆறு வருடத்துக்கு முன் அவனும் ஒன்றைக் கண்டுபிடித்தான். நிறைந்த அரங்கில் அவள் எழுந்து, பக்கத்துத் தென்னந்தோப்புக்கு மும்முனை மின்சாரம் விடும் நேரத்தில் மட்டும்தான் அது வருகிறது என்று பட்டியல் போட்டுக் காட்டினாள். சிரித்துக்கொண்டே காட்டினாள். அன்றிலிருந்து அவன் பெயர் பம்புசெட்டு. கேன்டீனில் டீ ஆற்றுகிறவர்கூட, பம்புசெட்டு சாருக்குச் சர்க்கரை கம்மி என்றுதான் உள்ளே குரல் கொடுப்பார்.

இயக்குநர் தாளைப் படித்தார்.

வேறு நட்சத்திரம். மார்ச் பதினொன்று.

அவளுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. அப்படியென்றால் இதை யாரும் செருகவில்லை.

அடுத்தது அதற்குப் பின்னாலேயே வந்தது. மார்ச் பதினொன்றின் பதிவை அவள் பார்த்திருந்தாள். வெறும் இரைச்சல் என்று ஒதுக்கியிருந்தாள்.

சோதனையில் தவறியவர் அந்த வருடம் முழுவதும் எந்தக் கோரிக்கையிலும் கையெழுத்துப் போட முடியாது. யாரும் அதைப் படித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை. விதியை எழுதியவளே அவள்தான்.

போடும் தகுதியுள்ள இன்னொருவன் அந்தக் கட்டடத்தில் தேவசகாயம் மட்டுமே. போடுகிறேன் என்றான். கண்டறிந்தவர் என்ற இடத்தில் தன் பெயர் மட்டும் இருக்க வேண்டும் என்றான். அவள் அந்த அறையிலேயே இல்லாதது போல இயக்குநரைப் பார்த்துச் சொன்னான்.

இயக்குநர் அவள் பக்கம் திரும்பினார்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். கணினியில் தன் கடவுச்சொல்லை அடித்தாள். நாற்காலியை விட்டு எழுந்தாள்.

அவன் உட்கார்ந்தான். முதல் வேலையாக நாற்காலியின் உயரத்தை மாற்றினான்.

இயக்குநர் ஆப்பிரிக்காவுக்குத் தொலைபேசியில் பேச அடுத்த அறைக்குப் போனார்.

அவன் அவளுடைய நோட்டைப் பார்த்துக் கோரிக்கையை நிரப்பினான். பூமிக்கு இருப்பதுபோல வானத்துக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை உண்டு. இரண்டு எண்கள் போதும், எந்த நாட்டுத் தட்டும் அதே நட்சத்திரத்துக்குத் திரும்பிவிடும்.

அவள் பின்னால் நின்று பார்த்தாள்.

முதல் எண் சரி.

இரண்டாவது எண், நோட்டில் பதினேழு டிகிரி. திரையில் பதினெட்டு.

ஒரு டிகிரி என்பது இரண்டு முழுநிலாவை ஒட்டி வைத்த அகலம். அங்கே இருக்கும் தட்டு ஒரு சமயத்தில் பார்ப்பது பாதி நிலா அளவைத்தான். ஒரு மணி நேரமும் வெற்று வானத்தைக் கேட்டுவிட்டு, ஒன்றுமில்லை என்று எழுதிவிடுவார்கள். அதுவும் தேவசகாயத்தின் பெயரில். இரண்டாவது தடவையாக.

தவறி அடித்தானா, தெரிந்தே அடித்தானா என்று அவன் முதுகைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

அனுப்பும் பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு, திரும்பாமலேயே அவன் கேட்டான்.

“நம்பரெல்லாம் சரியா இருக்கான்னு ஒருதரம் பாத்துடுங்க மேடம்.”

ஆறு வருடத்தில் அவளிடம் அவன் நேராகப் பேசியது இதுதான்.

மணி மூன்று ஐம்பத்தெட்டு.

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். புடவைத் தலைப்பை எடுத்துத் துடைக்கத் தொடங்கினாள்.

முதலில் இடது. பிறகு, நிதானமாக, வலது.