பிஸ்கட் கூலி

"பண்ணைக் கோழியை என் பொண்ணு தின்னதே இல்ல, டாக்டர். வீட்டுக்குன்னு மருந்து போடாம தனியா ரெண்டு கோழி வளர்க்கிறேன்," என்றார் பண்ணைக்காரர்.

"பண்ணைக் கோழிக்கு மருந்து உண்டா?"

"நோய் வர்றதுக்கு முன்னாடியே தண்ணியில கலந்துடுவோம். வந்துட்டா கூண்டோட போயிடுமே!"

"அப்படிக் குடுத்துக் குடுத்துதான் எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி வளருது. பாப்பா ரத்தத்துல இருக்கிறதும் அந்த மாதிரிதான். பண்ணைக்குள்ள போவாளா?"

"வாசலைக்கூட மிதிக்க விட்டதில்ல."

டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

மறுநாள் பாப்பாவைத் துணி சுற்றிக் கொடுத்தார்கள்.

சில வாரம் கழித்து மறுபடி பண்ணைக்குப் போய்த் திரும்பியவர், பழக்கதோஷத்தில் வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டினார். கோழி எச்சம் அப்பிய ரப்பர் பூட்ஸ்.

பாப்பா இருந்தால் இந்நேரம் ஓடி வந்திருப்பாள். இரண்டு கையாலும் பூட்ஸைப் பிடித்து இழுத்து, மல்லாக்க விழுந்து சிரிப்பாள். "கூலி குடுங்கப்பா!" என்பாள். சட்டைப் பையிலிருந்து அவர் எடுத்துத் தரும் பிஸ்கட்டை அந்தக் கையாலேயே தின்பாள்.

மனைவி வந்து குனிந்தாள். "நான் கழட்டி விடறேங்க."

அவர் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு அலறினார்.

"தொடாதே!"