மீண்டும் முயலவும்

ஒரே கைபேசி எண்ணிலிருந்து காலை ஆறு பத்து முதல் நாற்பத்தொரு முறை பொத்தானை அழுத்தியிருந்தார்கள்.

"யாரோ விளையாடுறாங்க கிருஷ்ணப்பிரியா. அந்த நம்பரை பிளாக் பண்ணிடும்மா" என்றார் டீம் லீட் பார்த்தசாரதி, மீட்டிங்குக்குக் கிளம்பிக்கொண்டே.

கிருஷ்ணப்பிரியா தலையாட்டினாள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இரண்டாவது மாடி அலுவலகம். ஒரு டயாலிசிஸ் மையத்தின் முன்பதிவுப் பக்கத்தை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். நோயாளிகள் பார்ப்பதும் அழுத்துவதுமான பகுதி மட்டும் அவளுடையது. பின்னால் இருக்கும் சர்வர் வேறொரு கம்பெனியுடையது.

அந்த சர்வரோடு நான்கு மாதமாகப் போராட்டம்.

பதிலை ஜேசன் வடிவத்தில், அடைப்புக்குறியும் மேற்கோளுமாக அனுப்புவதாகத்தான் பேச்சு. பாதி நேரம் அப்படி வரும். மீதி நேரம் வெறும் எழுத்தாக வந்து விழும். அதை அவளுடைய பக்கத்தால் பிரித்துப் படிக்க முடியாது. படிக்க முடியாததையெல்லாம் பிழை என்று எடுத்துக்கொண்டு சிவப்பில் ஒரு வரி காட்டும்: ‘கோளாறு ஏற்பட்டது. மீண்டும் முயலவும்.’

பதினோரு மெயில் போட்டாயிற்று. உங்கள் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் எல்லாவற்றுக்கும் பதில்.

அவளும் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே வந்தாள்.

பிளாக் செய்யும் முன் அந்த எண்ணின் லாக் பதிவுகளைத் திறந்தாள். அதில் எண், அழுத்திய நேரம், எத்தனை மணிக்கான இடம், சர்வரின் பதில், அவ்வளவுதான் இருக்கும்.

ஆறு பத்துக்கு வெறும் எழுத்தாக ‘ஓகே’. ஆறு பதினொன்றுக்கு ‘ஓகே’. அதற்குப் பிறகும் ஒவ்வொரு தடவையும் ‘ஓகே’.

முதல் தடவையே வேலை முடிந்திருக்கிறது. முடியவில்லை முடியவில்லை என்று அந்த ஆளை விடாமல் அலைக்கழித்தது அவள் எழுதிய பக்கம்தான்.

திருத்தம் ஆறே வரி. பதிலை முதலில் வெறும் எழுத்தாகவே வாங்கு. பிரிக்க முடிந்தால் பிரி. முடியாவிட்டால் வந்தபடியே எடுத்துக்கொள். நான்கு மாதம் தள்ளிப்போட்ட வேலை கால் மணி நேரத்தில் முடிந்தது.

ஆனால் பக்கத்தைப் புதிதாகத் திறந்தால்தான் திருத்தம் போய்ச் சேரும். அந்தக் கைபேசியில் பழைய பக்கமே திறந்திருந்தது.

நாற்பத்து மூன்று. நாற்பத்து நான்கு.

நோயாளிகளை நேரடியாகக் கூப்பிடக் கூடாது என்பது விதி. கூப்பிட்டாள்.

முத்தாபுதுப்பேட்டையிலிருந்து கன்னியம்மா என்ற பெண்மணி எடுத்தார். இது தன் கணவர் கஜபதியின் போன் என்றார்.

"அம்மா, இனிமே அழுத்த வேணாம். காலையில மொத தடவையே சரியாயிடுச்சு. பதினொன்றரை மணிக்கு சாருக்கு இடம் இருக்கு. கூட்டிக்கிட்டு வந்துடுங்க."

அந்தப் பக்கம் யாரோ நாற்காலிகளை அடுக்கும் சத்தம் கேட்டது.

"இன்னாம்மா சொல்ற? அவுரு முந்தாநேத்தே போய்ட்டாரும்மா. அந்த எடம் வோணாம்னு சொல்லத்தான் காலீலேர்ந்து அழுத்திகினு கீறேன். ஆஸ்பத்திரி போனை யாரும் எடுக்க மாட்றாங்கோ. எடம் சும்மா காலியா கெடக்கலாமா? யார்னா காத்துகினு இருப்பாங்கல்ல?"

கிருஷ்ணப்பிரியா மன்னிப்புக் கேட்டாளா என்பதுகூட அவளுக்குப் பிறகு நினைவில்லை. மையத்தின் அன்றைய பட்டியலைத் திறந்தாள். ஆறு பத்துக்கே கஜபதியின் பெயர் நீங்கியிருந்தது. காத்திருப்போர் வரிசையில் முதலில் இருந்தவருக்கு அந்த இடம் போயிருந்தது. அவர் வந்துவிட்டதாகவும் குறித்திருந்தார்கள்.

அதைச் சொன்னாள்.

"வந்துட்டாங்களா?" கன்னியம்மா பெருமூச்சு விட்டார். "ஆம்பளயா, பொம்பளயா?"

அதையும் சொல்லக் கூடாதுதான்.

"பொம்பளம்மா. சின்ன வயசு."

நாற்காலி அடுக்குபவர்களைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லிவிட்டுக் கன்னியம்மா மறுபடி போனுக்கு வந்தார்.

"அது ஜன்னலாண்ட கீற கட்டிலு. ஏசி நேரா கால் மேல அடிக்கும், நாலு மணி நேரம் தாங்காது. அந்தப் பொண்ணுக்கு ஒரு போர்வ குடுக்கச் சொல்லும்மா."