மாதக் கடைசி வேகம்

ஜெயந்தினியின் முகம் இந்தத் தடவையும் திரையில் அப்படியே நின்றுவிட்டது. கலங்கலான படம். லேசான சிரிப்பு. காதில் சிவப்புக் கல் தோடு.

"சனியன்!" என்று சுதாகரன் கொம்பியூட்டரின் தலையில் தட்டினான். ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே கொமியூனிகேஷன் கடை வைத்திருந்தவன், அந்த வருஷம்தான் புரோட்பேண்ட் லைன் எடுத்திருந்தான். 'வெளிநாட்டு உறவுகளுடன் முகம் பார்த்துப் பேசலாம்' என்று வாசலில் பெரிதாகப் போர்டும் போட்டிருந்தான்.

"குரல் வருதுல்ல தம்பி, அது போதும்," என்றாள் வீரம்மா.

நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். மாதக் கடைசி ஞாயிறு தவறாமல் பஸ் ஏறி வந்துவிடுவாள். குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்த மகள், வீட்டுக்காரர்கள் வெளியே போகும் நேரம் பார்த்து, அவர்கள் பிள்ளையின் கொம்பியூட்டரில் வருவாள்.

"நான் தெரியுறனாம்மா?"

"படம் நின்னு போச்சுடி. லைன் மோசம்."

"பரவாயில்லம்மா. நான் நல்லாத்தான் இருக்கேன். மேடம் நல்ல மாதிரி."

பேச்சு முடிந்தது. வீரம்மா கம்பளித் தொப்பியைக் காதுக்கு இழுத்துவிடும்போது சுதாகரன் கவனித்தான். அவளுக்கும் அதே சிவப்புக் கல்.

"என்னக்கா, தாயும் மகளும் ஆளுக்கொரு சோடி செஞ்சீங்களாக்கும்?"

"ஒரு சோடிக்கே சீட்டுப் போட்டு நாக்குத் தள்ளிருச்சு, நீங்க வேற," என்று சிரித்தாள்.

"இந்த லைன்காரனுகள நான் சும்மா விடப்போறதில்லக்கா. மக முகத்தப் பாக்கத்தானே இவ்வளவு தூரம் வர்றீங்க?"

"எதுக்கு தம்பி வீண் சண்டை? விடுங்க," என்றாள் அவசரமாக.

அவன் விடவில்லை. மறுநாளே கம்பெனி அலுவலகத்தில் போய் நின்றான். மேசைக்குப் பின்னால் இருந்த இராசரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர்; எதையும் நிதானமாகச் சொல்பவர்.

"உம்மடை லைன்லை பிழை ஒண்டும் இல்லைத் தம்பி. மாசத்துக்கு இவ்வளவு எண்டு ஒரு அளவு இருக்கு. அது முடிஞ்சால் வேகத்தைக் குறைச்சுப் போடுவினம். மாசக் கடைசியிலை உமக்கு நத்தை வேகம்தான்."

"இத லைன் குடுக்கிறப்பவே ஏன் சேர் சொல்லல?"

"நீர் கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்துக்குப் பின்பக்கத்திலை எழுதிக் கிடக்கு."

"எறும்பு ஊர்ற மாதிரி இங்கிலீசுல எழுதிக் கெடந்தா யாருக்குத் தெரியும்? வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

இராசரத்தினம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெளியே பனி இறங்கி, எதிர்க்கடை மறைந்து போயிருந்தது.

"நீர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்," என்றார்.

சுதாகரன் அளவு வைக்காத வேறொரு லைனுக்கு மாற்றிக் கேட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான்.

அடுத்த கடைசி ஞாயிறு வீரம்மா வந்ததும், நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

"இன்னிக்குப் பாருங்கக்கா, உங்க மக கண்ணச் சிமிட்டுறதுகூடத் தெரியும்! இவ்வளவு நாளும் அவனுகதான் வேகத்தக் குறைச்சிருக்கானுக. மூச்சு விடல, பாத்தீங்களா?"

வீரம்மாவின் முகம் மலரவில்லை. "எல்லாரும் எல்லாத்தையும் சொல்லிருவாங்களா தம்பி," என்று முணுமுணுத்தபடி உட்கார்ந்தாள்.

படம் வந்தது. கண்ணாடி போலத் தெளிவு. அதே சிரிப்பு, அதே தோடு. கண் மட்டும் சிமிட்டவில்லை.

சுதாகரனுக்குப் பொறுக்கவில்லை. பக்கத்துக் கொம்பியூட்டரை எட்டிப் பார்த்தான். மலையேறிவிட்டு நல்லதண்ணியிலிருந்து வந்திருந்த வெள்ளைக்காரன் ஒருவன் ஊரிலுள்ள யாருக்கோ கையாட்டிக்கொண்டிருந்தான். அங்கே படம் தண்ணீர் போல ஓடியது.

மறுபடியும் குனிந்து ஜெயந்தினியைப் பார்த்தான். படம் நின்றிருக்கவில்லை. லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. கீழ் ஓரத்தில் துணி சுற்றிய கட்டைவிரல் ஒன்று அசைந்தது. விரலுக்கு மேலே போட்டோவின் வெள்ளை விளிம்பு தெரிந்தது.

அவன் போட்டோவில் இருந்த தோட்டைப் பார்த்தான். பிறகு வீரம்மாவின் காதைப் பார்த்தான். இருந்ததே ஒரு சோடிதான். மகள் போகும்போது கழற்றித் தாயிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

போட்டோவுக்குப் பின்னால் இருக்கும் முகத்தை நினைத்துப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

"அம்மா, இன்னிக்காச்சும் நான் தெரியுறனா?"

சுதாகரன் வாயைத் திறந்தான். கொழுந்துக் கறை ஏறிய விரல்கள் அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தன.

"எங்கடி? இன்னிக்கும் நின்னுதான் போச்சு," என்றாள் வீரம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. தலைச்சுமையை இறக்கி வைத்தது போல.

வீரம்மா மற்றக் கையால் மைக்கைப் பொத்திக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"லைன் சரியாயிருச்சுன்னு மட்டும் அவகிட்ட சொல்லிறாதீங்க தம்பி."